நீலம் பாரித்த கத்தி

விடுதிச் சமையலறையில் அவளுக்குக் கத்தியக்கா என்றுதான் பெயர். பத்தொன்பது வருஷம் அங்கே காய் வெட்டினாள். ஒரு நாள்கூட மழுங்கிய கத்தியோடு வேலைக்குப் போனதில்லை. சனிக்கிழமைதோறும் வீட்டில் ஈரச்சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்துத் தீட்ட உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால், நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வார்கள்.

அந்த விடுதியை மூடிவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் வேலை தேடி அலைந்தவளுக்கு, ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து அழைப்பு வந்தது. இருப்பது ஒரே இடம், போட்டிக்கு ஆறு பேர். அவரவர் கத்தியைக் கொண்டுவந்து வெட்டிக் காட்ட வேண்டும்.

முந்தின நாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். கத்தியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மெஷினில் சாணை பிடித்துவந்தார்.

"பாத்தியா, எப்படி மின்னுது! உனக்கு வேலை மிச்சம்."

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விளிம்போரம் நீலம் பாரித்திருந்தது. மெஷின் சூட்டில் இரும்பு பதம் இழந்துவிட்டது. இனி அங்கே கூர் நிற்காது, நாலு வெங்காயத்தில் பல்லிளித்துவிடும்.

"என்னங்க, பத்தொன்பது வருஷமா நான் கல்லுல தேய்ச்சது பொழுது போகாமலா?"

மனுஷருக்கு முகம் செத்துவிட்டது. "வேற ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். தண்ணி ஊத்துங்க, போதும்."

புதுக் கத்தி கைக்குப் படிய மாசக்கணக்காகும். நீலம் போகிறவரை கரைத்தே தீர வேண்டும். சொரசொரப்புக் கல்லில் மதியம் ஆரம்பித்தாள். அவர் சொம்போடு பக்கத்திலேயே நின்றார். தோள்பட்டை விட்டுப்போக, ஒரு நூல் அகலம் இரும்பு கரைந்து, பொழுது சாய்வதற்குள் நீலம் போய்விட்டது. பிறகு வழவழப்புக் கல். கடைசியாக, பலகையில் அறைந்த தோல் வார். அதில் கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். மாற்றி இழுத்தால் வார் துண்டாகிவிடும். இருபது இழுப்பில் பிசிறு உதிர்ந்தது. செய்தித்தாளின் ஓரத்தில் வைத்தாள். சத்தமே இல்லாமல் இரண்டானது. அப்போது அவளுக்கு வந்த பெருமையை அடக்கவே முடியவில்லை. தாளின் இரண்டு பாதியையும் வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

மறுநாள் ஆளுக்கு ஒரு கூடை வெங்காயம். மற்ற ஐந்து பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெட்டினார்கள். கூரான கத்தி வெங்காயத்தை நசுக்காது. இவள் கண் அவ்வளவாகக் கலங்கவில்லை. தலைமைச் சமையல்காரர் வந்து நின்று பார்த்தார்.

"எந்தக் கடையில தீட்டுனீங்கம்மா?"

"கடையா? வீட்டுலதாங்க. நானேதான்."

அவர் தன் கத்தியை எடுத்து நீட்டினார். "அப்ப இது எப்படி இருக்கு, சொல்லுங்க."

மற்றவர்களாக இருந்தால் பிரமாதம் என்றிருப்பார்கள். அவள் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தாள். கூர் இருந்தால் நகத்தில் பிடிக்கும், இது வழுக்கியது. வேலை போனால் போகட்டும், கத்தி விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இதை வச்சு நீங்க வெட்டலைங்க. நசுக்கியிருக்கீங்க."

அவர் காதெல்லாம் சிவந்தது. ஆனால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"திங்கக்கிழமை வேலைக்கு வரும்போது தீட்டிக் கொண்டாங்க" என்றார்.