நெற்கதிர் ஒட்டிய பொங்கல் வாழ்த்து

இன்று மகளின் பசை டப்பாவைத் திறந்ததும் எழுந்த வாசனை, மேலூர் பஸ் ஸ்டாண்டில் இப்போது இல்லாமல் போன வாழ்த்து அட்டைக் கடைக்கு என்னை இழுத்துப் போனது. பொங்கல் நெருங்கினால் அங்கே நடிகர் படம் போட்ட அட்டைகள் கயிறு கயிறாகத் தொங்கிப் படபடக்கும். நானும் தோழி செல்வியும், எங்கள் அம்மாக்கள் அறுப்புக்குப் போன வயலில் பொறுக்கிய நெற்கதிர்களைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தில் ஒட்டி வாழ்த்து செய்து கொண்டுபோனோம்.

“இதை யாரு பாப்பா வாங்குவா?” என்று சிரித்தாலும், கடைக்கார அண்ணன் ஓரமாக ஒரு கயிற்றில் மாட்டிவைத்தார்.

மறுநாள் பள்ளி விட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் கயிறு காலி. குப்பையில் போட்டுவிட்டார் என்று செல்வி அழுதேவிட்டாள்.

“அழாத தாயி, அம்புட்டும் வித்துப்போச்சு! இன்னும் எம்புட்டு செய்வீங்க?” என்றபடி, முகப்பில் தொங்கிய நடிகர்களை ஒவ்வொருவராகக் கழற்றி எங்களுக்கு இடம் பண்ணினார் அண்ணன்.