மணி ஒலிக்காத பூசை

எங்கள் அம்மா ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போக அவருக்கு வாய்க்கவில்லை. திருமணமாகிக் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். அப்பா இளவயதிலேயே காலமாக, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து என்னையும் தம்பியையும் வளர்த்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளும் ஆசிரியையானவளும் நான். அந்தப் பெருமை முழுவதும் அம்மாவுக்கே உரியது.

தம்பிக்குப் பேச்சு வராது. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். எந்தப் பாடசாலையும் அவனைச் சேர்க்கவில்லை. நான் கற்பிக்கும் வெள்ளவத்தைப் பாடசாலையில், அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென ஒரு வகுப்பைத் தொடங்க அதிபர் இசைந்தபோது, முதலில் உதவிக்கு வந்தவர் அம்மாதான். வாசலில் ஓடும் காலி வீதியின் வாகன இரைச்சல் குறையத் தடித்த திரை தைத்தார். களைத்த பிள்ளை ஒதுங்கியிருக்க ஒரு மூலையில் பாய் விரித்தார். அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் படங்களை நான் வரைய, பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே அவர் ஒட்டினார். தம்பி அங்கே அமைதியாக உட்கார்ந்து படிக்கத் தொடங்கினான்.

நவராத்திரியில் வரும் வாணி விழாவில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாள் பூசை செய்வது வழக்கம். எங்கள் வகுப்புக்கு மட்டும் நாள் ஒதுக்கவில்லை. மணியோசைக்குப் பிள்ளைகள் மிரண்டால் பூசை குழம்பும் என்றார்கள். நான் கேட்டும் பலனில்லை. அம்மா நேரே அதிபரிடம் போனார்.

"மணி அடிக்காம கும்புட்டா சாமி கோவிச்சுக்குமா மேடம்?"

அதிபர் சிரித்துவிட்டார். "அப்ப தீபம் காட்டேக்க மற்றப் பிள்ளையள் சும்மா நிக்கிறதோ?"

"கைய ஒசத்தி ஆட்டட்டும். அதுதான் எங்க மணி."

கடைசி நாள் எங்களுக்குக் கிடைத்தது. தீபம் காட்டும்போது மண்டபம் நிறைந்த பிள்ளைகள் சத்தமின்றிக் கைகளை உயர்த்தி அசைத்தார்கள். தம்பி திருநீற்றுத் தட்டை ஏந்திக் கடைசி வரிசைவரை போனான். அம்மா இரண்டு தடவை வாங்கிப் பூசிக்கொண்டார். அதன்பின் தெஹிவளையிலிருந்தும் பெற்றோர் எங்கள் வகுப்பைத் தேடி வந்தார்கள்.

நோயில் படுத்திருந்தபோது அம்மாவுக்கு ஒரே கவலை.

"என் சாவுல மேளம் அடிச்சா புள்ள ஓடிருவானே."

அம்மாவின் கடைசி நாட்களில் துணைநின்ற வைத்தியர்கள், தாதியர், உணவு தந்த அயலவர், அதிபர் எல்லோருக்கும் எங்கள் நன்றி. மேளமும் சங்கும் வெடியும் வேண்டாம் என்றதும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்ட பெரிய மாமாவுக்கும் உறவினர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மயானத்தில் நீங்கள் எல்லோரும் கைகளை உயர்த்தி அசைத்து நின்றீர்கள். தம்பி ஓடவில்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவனே.