பாப்பம்மா நடந்த பத்து மீட்டர்

மாத்தளைப் பக்கம் றத்தோட்டைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்தவள் பாப்பம்மா. எண்பத்தாறாம் ஆண்டு மாரிமழையில், கூடையை இறக்கப் போனவள் அப்படியே சாய்ந்தாள். வாய் கோணியது, வலது கையும் காலும் விளங்காமல் போயின. புருஷன் இறந்து ஆறு வருஷம். பிள்ளையில்லை. குடியிருந்த லயத்துக் காம்பரா, வரிசைவீட்டின் ஓர் அறை, அவள் பேரில்தான் நின்றது. வேலையாட்கள் பேரேடான செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டால் காம்பராவும் போய்விடும்.

"தனியா நடப்பேன்னு மாத்தளை ஆஸ்பத்திரியில எழுதி வாங்கியா. புள்ளக்காம்பராவுல புள்ளைங்களைப் பார்த்துக்கிற வேலை போடலாம்னு தொரை சொல்லிட்டாரு" என்றார் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மாணிக்கவாசகம்.

நான்கு மாதம் நடந்தாள். கொய்யாக் கம்பை இடது கையில் ஊன்றி, லயத்துக் கோடியிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்கும். பக்கத்துக் காம்பராவிலிருந்த நாத்தனார் கிருஷ்ணம்மா கேலி பண்ணுவாள்.

"மதினி, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள மலையில கொழுந்து முத்திரும்."

"முத்தட்டும்டி. நீதானே கிள்ளப் போற."

கடைசியில் கம்பு தவிர வேறு துணையில்லாமல் பீலிக்குப் போய், முகம் கழுவித் திரும்பினாள்.

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறைத் தரையில் இரண்டு சிவப்புக் கோடுகள். இடையே பத்து மீட்டர். நடையை அளக்கும் சிங்களப் பெண், எல்லோருக்கும் நோனா, கையில் மணிக்கூட்டோடு நின்றாள். தொரைமார் முன்னால் செருப்போ குடையோ கம்போ கொண்டுபோவது தோட்டத்தில் வழக்கமில்லை. பாப்பம்மா செருப்பைக் கழற்றினாள். கம்பை வாசலில் கிருஷ்ணம்மாவிடம் கொடுத்தாள்.

"வீட்டில கம்பு புடிச்சு நடக்கிறதா?" நோனா தெரிந்த தமிழில் கேட்டாள்.

"இல்லீங்க நோனா. சும்மாவே நடப்பேன்."

நாலாவது எட்டில் பெருவிரல் தரையில் உரசியது. ஆறாவதில் முழங்கால் மடங்க, நோனா தாவிப் பிடித்தாள். இன்னொரு தடவையும் நடக்கவிட்டுப் பார்த்தாள். பிறகு கடிதம் எழுதி, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னாள்.

மறுநாள் ஆபீசில் கிளாக்கர் அதை வாசித்தார். ஆள் துணையில்லாமல் நடக்க முடியாது என்று இருந்தது.

"நீ கம்போட தனியா மேடேறி வந்ததைச் சன்னலால பார்த்தேனே. அதை நோனாவுக்குக் காட்டியிருந்தா கம்போட நடப்பான்னு எழுதியிருப்பாங்க. அதுவும் நடைதானே, பாப்பம்மா."

"பெரிய மனுசங்க முன்னால கம்போட எப்பிடிங்க நிக்கிறது?"

அவர் உள்ளே போய்த் தொரையிடம் கெஞ்சிப் பார்த்தார். தொரை கடிதத்தைத்தான் காட்டினார். மாத முடிவில் பேர் வெட்டுப்பட்டது. காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. பாப்பம்மாவுக்குக் கிருஷ்ணம்மாவின் காம்பராவில், ஆறு பேருக்கு நடுவே, ஒரு மூலை கிடைத்தது.

நோனா சொன்ன மூன்று மாதம் கழிந்தது.

"மதினி, நாளைக்கு ஆஸ்பத்திரித் திகதி."

"எதுக்குடி? நான் இனி எங்க நடந்து போகணும்?" என்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.