குதிரைக்கு வந்த டாக்டர்

இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது. எங்க தோட்டத்துல ஒரே வாரத்துல ரெண்டு கண்ணு கெட்டுச்சு. ஒண்ணு தொரையோட குதிரை கண்ணு, இன்னொண்ணு என் தங்கச்சி கண்ணு. ரெண்டையும் கீறினது செம்பனை முள்ளுதான். அதுக்கப்புறம் ஆளுக்கொரு நியாயம்.

எண்பதுகளோட ஆரம்பம் அது. கெடா பக்கம், பாடாங் செராய்லேர்ந்து உள்ள தள்ளி எங்க தோட்டம். ரப்பரை வெட்டிச் சாச்சுட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டு நாலஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில ஆயா. ஆஸ்பத்திரின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. ரெண்டு கட்டிலு, ஒரு மருந்து அலமாரி, ஒரு பிரிஜ்ஜு, ஒரு டிரஸர். டாக்டருக்குப் படிக்காட்டியும் எங்களுக்கு டாக்டர் அவருதான். ஊசி போடுறதும் அவரு, உனக்கு நெசமாவே காய்ச்சலா இல்ல வேலைக்கு டிமிக்கியான்னு தீர்ப்புச் சொல்றதும் அவரு.

தோட்டத்தை நடத்துற தொரைக்கு ஒரு பொட்டைக் குதிரை. பினாங்குல ரேஸ் ஓடி ஓஞ்சதை வாங்கிட்டு வந்தாரு. வெள்ளைக்காரன் போயி உள்ளூர் ஆளு தொரையா வந்தும் அந்த மிடுக்கு மட்டும் போகல. ஒரு செவ்வாக்கெழமை காலையில கன்னுச் செம்பனைக்குள்ள குதிரையை விட்டாரு, மட்டை முள்ளு அது கண்ணைக் கீறிடுச்சு. டிரஸர் விழுந்தடிச்சு ஓடிக் களிம்பு தடவினாரு. எங்க ஆஸ்பத்திரியில கண்ணுக்குன்னு இருந்ததே அந்த ஒரு களிம்புதான். கண்ணு செவந்தாலும் அது, கட்டி வந்தாலும் அது.

மறுநாள் என் தங்கச்சி. உதிரிப் பழம் பொறுக்கக் குனிஞ்சவ நிமிரும்போது முள்ளு கண்ணுல பட்டுருச்சு. அவளுக்கும் அதே களிம்புல ஒரு டியூப்பு. தடவிட்டுப் படுத்துத் தூங்கு, சரியாப் போயிரும்னாரு டிரஸர். தூங்குன்னு சொல்றதுக்கு ஒரு டிரஸர் எதுக்குன்னு அன்னிக்கே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

வியாழக்கெழமை குதிரை கண்ணு பாலாட்டம் வெளுத்துப் போச்சு. தொரை பினாங்குக்கு டெலிபோன் போட்டாரு. மத்தியானத்துக்குள்ள குதிரை டாக்டர் வந்து எறங்கிட்டாரு. சீன ஆளு, அதிர்ந்து பேசாத மனுசன், எங்ககிட்ட மலாய்லதான் பேசுவாரு. கண்ணுல ஒரு சாயத்தை விட்டுப் பார்த்தாரு. புண்ணு இருந்த எடம் மட்டும் பச்சையாத் தெரிஞ்சுது. என்ன மருந்து போட்டீங்கன்னு கேட்டாரு. டிரஸர் டியூப்பை நீட்டினாரு. எழுத்தை வாசிச்சுப் பார்த்துட்டு, கண்ணுல புண்ணு இருக்கும்போது இதைத் தொடவே கூடாது, புண்ணு கண்ணை இன்னும் வேகமாத் தின்னும்னு டாக்டர் சொன்னாரு. டிரஸர் தலையை ஆட்டினாரு. அந்த நேரத்துல என் தங்கச்சி லயத்து வீட்டுல அதே களிம்பைப் பூசிக்கிட்டுப் படுத்திருக்கா. அந்த மனுசன் ஒரு வார்த்தை வாயத் தொறக்கணுமே? தொறக்கல. நான்தான் போட்டது போட்டபடி ஓடிப்போயி, டியூப்பை அவ கையிலேர்ந்து புடுங்கி லயத்துக்குப் பின்னால ஓடுற லோங்காங்குச் சாக்கடையில எறிஞ்சேன்.

திரும்பி வந்தப்ப டாக்டர் குதிரை கழுத்துலேர்ந்து ரத்தம் எடுத்துக்கிட்டிருந்தாரு. அதோட ரத்தம்தான் அதோட கண்ணுக்கு மருந்துன்னாரு. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில அசையாம நிக்க வச்சா, உறைஞ்சு அடியில தங்கிரும், மேல தெளிவா மஞ்சளா ஒரு தண்ணி நிக்கும். அதைச் சுத்தமான ஊசியால உறிஞ்சி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணுல சொட்டு விடணும். புண்ணுல ஊறுற நீரு கண்ணையே கரைக்குது, இது அந்தக் கரைச்சலை நிறுத்தும்னு வெளக்கினாரு. கூடவே வேற சொட்டு மருந்தும் குடுத்தாரு. ரத்தத் தண்ணியை பிரிஜ்ஜுல வைக்கணும்னதும் டிரஸர் தன்னோட ஆரஞ்சு சர்பத் போத்தலையெல்லாம் வெளிய தூக்கி வச்சு எடம் பண்ணினாரு. நான் வேலைக்குச் சேந்த நாளாய் அந்தப் போத்தலுங்க ஒரு நோயாளிக்காகவும் நகர்ந்ததில்ல.

சொட்டு விடுறது என் வேலை. டிரஸர் குதிரை தலையைப் புடிச்சுக்குவாரு. "அம்மா, கண்ணைத் தொறம்மா"ன்னு கொஞ்சுவாரு. பிரசவ வலியில கத்துற பொம்பளையை அடச் சீ சும்மா கெடன்னு அதட்டுற வாயி அது. குதிரை மேல எனக்குக் கோவமில்ல, அது பாவம், வாயில்லாத சீவன். இவருக்கு வாயி இருந்துச்சே.

வெள்ளிக்கெழமை தங்கச்சி கண்ணைப் பார்த்தேன். கருவிழியில அரிசி கணக்கா ஒரு வெள்ளை. குதிரை கண்ணை முந்தின நாள் பார்த்தவளுக்கு இது என்னன்னு தெரியாதா? டிரஸர்கிட்ட போயி சீட்டு கேட்டேன்.

சீட்டுன்னா என்னன்னு சொல்லணும். தோட்டத்து ஆளு வெளிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா டிரஸர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். சீட்டில்லாம போனா காலையில ஆள் எண்ணுற பெரட்டுல ஆப்சென் போட்டுருவாங்க. மீறிப் போனாலும் அங்க கவுண்டர்லயே திருப்பி அனுப்பிருவாங்கன்னு பொறந்ததுலேர்ந்து கேட்டு வளர்ந்தோம். புருஷன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்க, சீட்டுக்காக வாசல்ல காத்து நின்ன பொம்பளைங்களை நானே பார்த்திருக்கேன். அப்படியா, நெசமாவே அனுப்பிருவாங்களான்னு ஒருத்தரும் போயிப் பார்த்ததில்ல.

டிரஸர் என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல. "திங்கக்கெழமை பார்ப்போம். குதிரையை விட்டுட்டு நான் எப்படிலா நகர்றது?"ன்னாரு. கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும்? கேக்கலாம்தான். கேக்கல. சீட்டுப் புத்தகம் என் டிராயர்ல இருந்துச்சு. மருந்து நோட்டுல அவரு கையெழுத்தை அவருக்குப் பதிலா நான் போடுறது எனக்குத் தண்ணி பட்ட பாடு. அன்னிக்கு டிராயரைத் தொறந்தேன், புத்தகத்தை எடுத்தேன், மறுபடி உள்ள வச்சுட்டு குதிரைக்குச் சொட்டு விடப் போனேன்.

சனிக்கெழமை மத்தியானம் டாக்டர் திரும்ப வந்தாரு. குதிரைக்குப் புண்ணு நின்னிருந்துச்சு. தொரை சிரிச்ச மொகமா நின்னாரு. நான் தங்கச்சியைக் கையைப் புடிச்சு குதிரை லாயத்துக்கே இழுத்துட்டுப் போனேன். தொரை மொகத்தைச் சுளிச்சாரு. சுளிக்கட்டும்னு விட்டுட்டேன். நான் மனுசருக்கு டாக்டர் இல்லம்மான்னு அவரு மொதல்ல தயங்கினாரு. அப்புறம் டார்ச்சு அடிச்சுப் பார்த்தாரு.

"நேத்தே போயிருக்கணும்"னாரு. தான் ஓட்டிட்டு வந்த காடிக் கதவைத் தொறந்து விட்டாரு.

டிரஸர் பின்னாடியே ஓடி வந்து, சீட்டில்லாம எங்க போறீங்கன்னு கேட்டாரு. உங்க சீட்டை நீங்களே வச்சுக்கிட்டுக் கும்புடுங்கன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். அந்த ரோஷம் ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?

பினாங்குக்குப் போற ஃபெரியில தங்கச்சி என் தோள்ல சாஞ்சுக்கிட்டே வந்தா. பெரிய ஆஸ்பத்திரி கவுண்டர்ல இருந்த மலாய்க்காரப் பொண்ணு ஐசி, அதான் அடையாள அட்டை, கேட்டுச்சு. குடுத்தோம். பேரை எழுதிக்கிட்டு உள்ள போகச் சொல்லிருச்சு. அவ்வளவுதான். சீட்டு எங்கன்னு கேப்பான்னு நான் அங்கேயே நிக்கிறேன். பின்னால நின்ன ஆளு, நகருங்கக்கான்னுச்சு. கெடா பக்கத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தவங்க எத்தனையோ பேரு பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் கையிலயும் ஒரு சீட்டும் இல்ல.

கண்ணு டாக்டர் பார்த்தாரு. புண்ணு ஓட்டை விழுந்து உள்ள சீழ் எறங்கிருச்சு, கண்ணை எடுத்துத்தான் ஆகணும்னாரு. குதிரைக்கு விட்ட ரத்தத் தண்ணியைப் பத்தி வெக்கத்தை விட்டுக் கேட்டேன். மனுசருக்கும் சில கண்ணுக்கு அப்படிச் செஞ்சு பார்க்கிறது உண்டு, ஆனா காலாகாலத்துல வந்திருக்கணும்னாரு.

குதிரைக்குக் கண்ணு தெளிஞ்சுருச்சு. ஓரத்துல ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான். டிரஸர் அடுத்த வாரமே, நான் சீட்டு கேட்ட வெள்ளிக்கெழமை தேதியைப் போட்டு ஒரு சீட்டு எழுதி, ஃபைல்ல சேருன்னு என்கிட்ட நீட்டினாரு. அவரு கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டேன். ஒரு மாசம் என்னைக் கக்கூஸ் கழுவ விட்டாரு. கழுவினேன்.

தங்கச்சி வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் இருக்கும். கட்டை அவிழ்த்துக் கண்ணுக் குழியைத் தொடச்சுக்கிட்டிருந்தேன். தொரையை, டிரஸரை, அந்தக் களிம்பை, அவங்க பரம்பரையவே வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே தொடைக்கிறேன்.

"அக்கா, அந்தக் கையெழுத்தை நீயே போட்டிருக்கலாமே"ன்னா.

கோவமா கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. நான் திட்டுறதை நிறுத்திட்டேன்.

போட்டிருக்கலாம்னு சொன்னேன்.