சீமைக்குப் பெயர் ஹோம்

ஹோம் என்ற இங்கிலீஷ் வார்த்தை எங்கள் எஸ்டேட்டில் பார்த்த வேலையை வேறு எந்த வார்த்தையும் பார்த்ததில்லை. துரைசாணி சொன்னால் அதற்குச் சீமை என்று அர்த்தம். பூந்தோட்டமும் குதிரை லாயமுமாக அவ்வளவு பெரிய பங்களாவை வைத்துக்கொண்டு, அதை அவர் ஒரு நாளும் ஹோம் என்று சொன்னதில்லையாம். கடுதாசி ஹோமிலிருந்து வரும், பிஸ்கட் டின் ஹோமிலிருந்து வரும். "துரை நாட் அட் ஹோம்" என்று பட்லர் வாசலிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்புவார். துரை உள்ளே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சோறு போட்ட இடத்துக்கும் ஹோம் என்றுதான் பெயர். நான் சேட்டை பண்ணினால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவதாக அத்தை மிரட்டுவாள். பிற்பாடு நான் டீச்சராகி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த காலத்தில், ஹோம் என்றால் வீடு என்று போர்டில் எழுதிவிட்டு மளமளவென்று அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவேன்.

எங்கள் வீடு அரவேணுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், லைனில் இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளுக்குத்தான் லைன் என்று பெயர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷன் போனபின் எங்களோடு இருந்தாள். அம்மா பங்களாவில் ஆயா. துரையின் மகனை வளர்ப்பது அவள் வேலை. ராத்தங்கலும் அங்கேயேதான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவாள், பொழுது சாயும்போது போய்விடுவாள்.

அவன் பிறந்தபோது எனக்கு இரண்டு வயதிருக்கும். அதுவரை அம்மா என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாளாம். பங்களாவுக்குப் போனபின் அவன் கண்ணு ஆனான், நான் அம்மணி ஆனேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக அம்மணி என்று கூப்பிடுவதுதான் வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. குட்டித்துரை என்று லைனே அவனைக் கொண்டாடியது. எனக்கு மட்டும் அவன் என் அம்மாவை வாரத்தில் ஆறு நாள் வைத்துக்கொள்கிற திருட்டுப் பயல்.

அந்தக் குட்டித்துரைக்கு இங்கிலீஷ் அரைகுறை. தமிழ் மட்டும் தண்ணீர் பட்ட பாடு, அதுவும் எங்கள் லைன் தமிழ். விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, "ஆயா, வவுறு வலிக்குது" என்பானாம். துரை சிரித்துவிடுவாராம், துரைசாணி சிரிக்க மாட்டாராம்.

அவனுக்கு ஐந்து வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா வாசலில் உட்கார்ந்து எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, அவள் விரல் மண்டையில் ஊர்வதை அனுபவிக்கிறதற்காகவே, வாரம் முழுவதும் அத்தையைத் தலையில் கை வைக்க விடமாட்டேன். அப்போது தேயிலைக்குள்ளிருந்து குட்டித்துரை வந்தான். சட்டையெல்லாம் பனியில் நனைந்திருந்தது, ஒரு காலில் பூட்ஸைக் காணவில்லை. பங்களாப் பிள்ளைகள் லைன் பக்கம் வரவே கூடாது. அப்பா பதறி எழுந்துவிட்டார். உடனே திருப்பிக் கொண்டுபோய் விடச் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்காமல் அவனைத் தூக்கி, முந்தானையால் தலை துவட்டினாள்.

அவனுக்குப் பசி. என் தட்டில் மிச்சமிருந்த ராகிக் களியையும் கீரையையும் வழித்து வழித்துத் தின்றான். தின்றுவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் மடியில் மற்றப் பாதியில் தலையை வைத்தான்.

"எனக்கும் பேன் பாரு ஆயா."

அந்தச் சோளக்கதிர் முடியில் பேன் எங்கே இருக்கப்போகிறது? அம்மா பார்த்தாள். ஒவ்வொரு இழையாகப் பிரித்து, அகப்பட்டதுபோல் நகத்தில் வைத்து நசுக்கி, 'ஸ்' என்று சத்தமும் கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் காலைக் கிள்ளினேன். அவன் அழவில்லை, தூங்கிப்போயிருந்தான்.

தேடிக்கொண்டு பட்லர் வந்தார். அவர் பின்னால் துரைசாணி. அவர் லைனுக்கு வந்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. லைனே எழுந்து நின்றது. மடியில் பிள்ளை இருந்ததால் அம்மா மட்டும் எழவில்லை. துரைசாணி மகனை எழுப்பி, எங்கே வந்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, எங்கள் அறையைக் கையால் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே வார்த்தை சொன்னான்.

"ஹோம்."

துரைசாணி அடிக்கவுமில்லை, வையவுமில்லை. குனிந்து அவன் காலில் இருந்த ஒற்றைப் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவனை நடத்திக் கூட்டிப்போனார். பிள்ளையைச் சீமைக்குக் கொண்டுபோய்ப் பாட்டி வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்று அந்த வாரமே முடிவாயிற்று. கப்பலில் பார்த்துக்கொள்ள ஆயா கூட வரவேண்டும். திரும்பி வருகிற வேறொரு துரைசாணியோடு அடுத்த கப்பலிலேயே அனுப்பிவிடுவார்களாம்.

முடியாது என்று சொல்லிவிடு என்றார் அப்பா. அம்மா, "நானில்லாட்டி அந்தப் புள்ளை கப்பல்ல சாப்புடாதுங்க" என்றாள். நான் சாப்பிடுவேனா என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்கு அப்புறம் இரண்டு நாள் வேண்டுமென்றே சாப்பிடாமல் கிடந்தேன். அத்தை அடித்து ஊட்டினாள்.

குன்னூர் ஸ்டேஷனில் அம்மாவை வேலைக்காரர்கள் பெட்டியில் ஏற்றினார்கள். துரைப் பெட்டியிலிருந்து குட்டித்துரை போட்ட கூப்பாட்டில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அம்மாவை அங்கே மாற்றி உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாக அம்மா என் கன்னத்தைத் தடவி, "அடுத்த கப்பல்ல வந்துருவேன் அம்மணி, அத்தைகிட்ட சண்ட போடாம இரு" என்றாள். அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தவன் மலையைக் காட்டிக் கேட்டான்.

"ஊடு மேல இருக்குதே ஆயா, வண்டி எதுக்குக் கீழ போவுது?"

நான் பெரிய மனுஷி மாதிரிச் சிரித்தேன். ஊருக்குப் போவதுகூடத் தெரியாத மக்குப் பயல் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கவில்லை, அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த கப்பலில் அம்மா வரவில்லை. சீமையில் சண்டை மூண்டுவிட்டது என்றார்கள். துரைசாணியும் திரும்பவில்லை, துரையும் பட்டாளத்துக்குப் போய்விட, பங்களாவுக்கு வேறு துரை வந்தார். அம்மாவைப் பற்றி யாரிடம் கேட்பதென்றுகூட அப்பாவுக்குத் தெரியவில்லை. என் பாவாடைக்கு அத்தை கீழே துணி வைத்துத் தைத்தாள், அதுவும் குட்டையாகிப் புதுப்பாவாடை எடுத்தாள். குட்டித்துரை என் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்பதாக நான் நினைத்துக்கொள்வேன். இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டு அவனுக்குப் பேதி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அங்கே நடந்தது வேறு. அம்மா பிற்காலத்தில் அத்தையிடம் அவ்வப்போது சொன்னதைச் சேர்த்துவைத்துத்தான் எனக்குத் தெரியும். கப்பல் கரை சேர்ந்த அன்றைக்கே அவனைக் கூட்டிப்போய்விட்டார்கள். அம்மாவின் சேலையை அவன் பிடித்த பிடியில் முந்தானை கிழிந்ததாம். ஊட்டுக்குப் போலாம் ஆயா, ஊட்டுக்குப் போலாம் என்று துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி கத்தினானாம். அந்தக் கூட்டத்தில் அது புரிந்தது அம்மா ஒருத்திக்குத்தான். அதற்கப்புறம் அவள் அவனைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் போக வழியில்லாத ஆயாக்களைப் போட்டு வைக்கும் ஒரு கட்டிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சண்டை நடக்கையில் எந்தத் துரைசாணியும் பிள்ளையோடு கப்பல் ஏறுவாளா? அம்மா அங்கேயே பாத்திரம் கழுவிக்கொண்டு கிடந்தாள். அந்தக் கட்டிடத்துக்கும் ஹோம் என்றுதான் பெயராம்.

அவள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வாசலில் அத்தை எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்பிள்ளை லைன் மேட்டில் ஏறி வந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. அத்தையின் கை என் தலையில் அப்படியே நின்றுவிட்டது. வந்தவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கண்ணு" என்றாள்.

அம்மாவின் குரல்தான், எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் அவளிடம் ஓடவில்லை. குட்டித்துரையும் வந்திருக்கிறான், எனக்குப் பின்னால் எங்கேயோ நிற்கிறான் என்று சட்டென்று திரும்பிப் பார்த்தேன். தேயிலைச் செடிகள்தான் இருந்தன.

நான் மறுபடி முகத்தைத் திருப்பியபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவளும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லையே, பிறகு எதற்கு இப்படித் தேம்பித் தேம்பி அழுகிறாள் என்று நான் அத்தையைக் கேட்டேன்.