டிரம்முக்காரர் பேத்தியைத் தூக்கிய ஞாயிறு

சின்னக்கானலில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் என் சம்பந்தி சூசையப்பனுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். ஃபாதருக்குக்கூட அதற்குப் பிறகுதான். பகலில் அவருக்குத் தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் எங்கள் பேண்ட் செட்டில் பெரிய டிரம். அவருடைய வயிற்றைப் பார்த்தால் டிரம் வைப்பதற்கென்றே வளர்த்த மாதிரி இருக்கும். கல்யாணம், சாவு, மாதா திருவிழா, மாரியம்மன் கொடை, பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ், பஞ்சாயத்து எலெக்‌ஷனில் ஜெயித்தவர் ஊர்வலம், எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் போவோம். நான் மிக்கேல்ராஜ். இரண்டு பித்தளைத் தட்டை மோதுவது என் வேலை.

எங்களுக்குத் தெரிந்த பாட்டு கொஞ்சம்தான். அதில் ஒரு மாதா பாட்டு உண்டு. வேகமாக வாசித்தால் அது கல்யாணத்துக்கு, மெதுவாக வாசித்தால் சாவுக்கு. எந்த வேகம் என்பதைப் பெரிய டிரம்தான் முடிவு பண்ணும். போன எலெக்‌ஷனில் ஜெயித்தவர் ஊர்வலம் தோற்றவர் வீட்டைக் கடக்கும்போது மட்டும் சம்பந்தி கையை மெதுவாக்கிவிட்டார். தோற்றவர் வீட்டுக்காரி உள்ளே உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். எங்கள் கோட்டும் ஒன்றுதான், சிவப்பில் தங்க ஜரிகை. சாவு என்றால் நெஞ்சில் ஒரு கறுப்பு ரிப்பனைக் குத்திக்கொள்வோம். அதைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வராது.

சம்பந்திக்கு ஒரு குறை இருந்தது. ஊருக்கெல்லாம் அடித்த மனுஷன், தன் வீட்டு விசேஷத்தில் ஒருநாளும் சும்மா நின்றதில்லை. அவர் மகள் சிஞ்சுவை என் மகன் ஜினோ கட்டிய அன்றைக்கு, மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டியவர் அவர். டிரம் அடிக்க ஏற்பாடு பண்ணியிருந்த ஆள் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்து டிரம்மேல் படுத்துவிட்டான். சம்பந்தி பட்டு வேட்டியோடு டிரம்மை மாட்டிக்கொண்டார்.

“எங்கப்பா என்னயக் கையப் புடிச்சாக் குடுத்தாரு? அடிச்சுல்லா தள்ளிவிட்டாரு” என்று சிஞ்சு இன்றைக்கும் சொல்லுவாள்.

இப்போது எங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். என்ன அழகு என்கிறீர்கள்! மூக்கு என் மூக்கு. சம்பந்தி தன் மூக்கு என்கிறார். அவர் மூக்கைப் பார்த்தவர்கள் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு கெடுதல் நினைக்க மாட்டார்கள்.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும் சிஞ்சு அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். “கோயில்லேர்ந்து வீடு மட்டும் பிள்ளைய நீங்கதான் தூக்கிட்டு வரணும், முன்னால பேண்டு போவணும். அன்னிக்கும் டிரம்ம மாட்டினீங்கன்னா, பொறவு பிள்ளைய ஒங்க கையில தரவே மாட்டேன், ஆமா.”

“இந்தக் கையில பிள்ளையத் தவிர ஒண்ணும் ஏறாது தாயி” என்றார் சம்பந்தி.

டிரம்முக்கு ஜோபியைப் பிடித்தார். ஜோபி எங்கள் செட்டில் சின்ன டிரம், பிழைப்புக்கு ஒரு ரிசார்ட்டில் சமையல்காரன். கல்யாணமெல்லாம் டூரிஸ்ட் கூட்டம் வருகிற நாளில்தான் விழும், லீவு கிடைக்காது. சாவுக்கு மட்டும் மாமா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். ஒருவனுக்கு இத்தனை மாமாவா என்று அவன் மேனேஜருக்கே ஆச்சரியம். அதனால் ஜோபியின் கைக்குச் சாவு அடி மட்டும்தான் பழக்கம். சம்பந்தி அவனை ஃபாக்டரி முற்றத்தில் நிற்க வைத்து ஒரு வாரம் கல்யாண அடி சொல்லிக் கொடுத்தார். நின்ற இடத்தில் நன்றாகத்தான் அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலையில் தண்ணீர் விழுந்ததும் பேத்தி போட்ட சத்தத்தில் ஃபாதருக்கே ஜெபம் தப்பியது. அழுதுகொண்டே இருந்தவளை வெள்ளைத் துணியில் பொதிந்து சம்பந்தி கையில் கொடுத்தார்கள். முன்னால் நாங்கள், பின்னால் அவர், அதற்குப் பின்னால் சொந்தக்காரர்கள். ஜோபி வேகமாக ஆரம்பித்தான். எல்லாம் சரியாகத்தான் போனது.

கோயிலிலிருந்து இறங்கும் ரோடு ஒரு வளைவில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கல்லறைத் தோட்டம், வலது பக்கம் நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயம். அந்த வளைவு வந்ததுதான் தெரியும், ஜோபியின் கை தானாக மெதுவானது. டும்… டும்… ஊதுகிற கார்னெட்டும் இழுத்தது. என் தட்டும் அழுத்தி மோதியது. கால்களும் எங்களைக் கேட்கவில்லை. மொத்த பேண்டும் இடது பக்கம் திரும்பியது. கல்லறைக் காவல்காரர் பாண்டி எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

எதிரே வந்த டூரிஸ்ட் ஜீப் இன்ஜினை அணைத்தது. உள்ளே இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அந்த நேரம் பார்த்துப் பேத்தி அழுகையை நிறுத்திவிட்டு, மெதுவான அடி சுகமாக இருந்ததோ என்னவோ, அசையாமல் தூங்கிப்போனாள். எங்கள் நெஞ்சில் வெள்ளிக்கிழமை ஒரு சாவுக்குக் குத்திய கறுப்பு ரிப்பன் அப்படியே இருந்தது.

கடையிலிருந்து வந்துகொண்டிருந்த செபமாலையம்மாள் எங்களைப் பார்த்தாள். அடுத்த லயத்துக்காரி. எந்தச் சாவு வீட்டிலும் முதல் குரல் அவளுடையதுதான். பையைக் கீழே போட்டாள்.

“ஏ என் தங்கக் கட்டியே! கண்ணு முழிச்சு ஒலகத்தப் பாக்கலியே! சூசையப்பா, இதுக்கா ஒன் கையி டிரம்ம விட்டுச்சு!”

டிரம்முக்குக் கொஞ்சமும் பிசகாமல் மாரில் அடித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து நடந்தாள்.

சிஞ்சு முன்னால் பாய்ந்தாள். “ஏய் கெழவி! யாரு பிள்ளைக்கு ஒப்பாரி வைக்க? எம்பிள்ள ஒறங்குது!”

“பெத்தவளுக்கு அப்படித்தான் தோணும் மக்ளே” என்று செபமாலையம்மாள் அவளையும் கட்டிக்கொண்டு அழுதாள்.

“ஜோபி! கை! கையப் பாருலே!” என்று சம்பந்தி கத்தினார்.

“பாக்கேன் அண்ணாச்சி, அது கேக்க மாட்டேங்கு!” ஜோபிக்கு வியர்த்து ஊற்றியது. அவர் கத்தக் கத்த அடி இன்னும் மெதுவானது. கல்லறை கேட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஜீப் நிற்கிற இடம்தான் இருந்தது.

சம்பந்தி டிரம்மைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அப்படி ஒரு பரிதாபமான முகத்தை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை.

“என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கீங்க? நான் சொன்னதெல்லாம் பொறவு பாப்பம், மொதல்ல போயி அடிங்க!” என்றாள் சிஞ்சு.

நான் தட்டு இரண்டையும் ஜோபியின் கழுத்தில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் நீட்டியபடி நின்றேன்.

“குடும் சம்பந்தி.”

“இதுக்குன்னே காத்துக் கெடந்தீரு, இல்லவே?” என்றார். உண்மைதான். பேத்தியை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டேன்.

டிரம் அவர் வயிற்றில் ஏறியது. ஒரே ஒரு அடி. பாட்டு குதித்து எழுந்தது. கால்களும் புத்தி வந்து வலது பக்கம் திரும்பின. செபமாலையம்மாள் கண்ணீரைத் துடைக்காமலே குலவை போட்டாள். ஜீப்பில் இருந்தவர்கள் எதற்குத் தொப்பியைக் கழற்றினோம், எதற்குத் திரும்பப் போடுகிறோம் என்று தெரியாமல் கை தட்டினார்கள்.

ஆனால் சம்பந்தி தன் இடத்துக்குப் போகவில்லை. பேண்டுக்குப் பின்னால், எனக்கு நேர் எதிரே வந்து நின்று, பேத்தியின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தார். அந்த இறக்கத்தில், அந்த டிரம்மோடு! “குழி இருக்கு”, “சாணி இருக்கு” என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. பேத்தி கண்ணை விழித்து அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே அடித்தார்.

வாசலில் பேண்டு ஒதுங்கி வழிவிட்டது. அவர் நிற்கவில்லை. விருந்துக்காக வாசலின் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, அதன்மேல் பலூனும் கட்டி வைத்திருந்தோம். பின்பக்கமாக உள்ளே போனவர் போய்விட்டார். டிரம் இரண்டு வாழைமரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. நான்கைந்து பலூன் வெடித்தது. அவர் வீட்டுக்குள்ளே, நாங்கள் வெளியே, நடுவில் டிரம்.

“தள்ளுங்கவே!” என்றார் கார்னெட்காரர்.

“ஒருத்தரும் தொடாதிய!” என்று சம்பந்தி தோள்பட்டை வாரைக் கழற்றினார். டிரம் கீழே விழாமல் அப்படியே நின்றது. குச்சியை உள்ளே எறிந்துவிட்டு, டிரம்முக்கு மேலே இரண்டு கையையும் நீட்டினார்.

நான் சிஞ்சுவைப் பார்த்தேன்.

“குடுங்க மாமா” என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

டிரம்முக்கு மேலாகப் பேத்தி அவர் கைக்குப் போனாள். அவர்தான் அவளை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார். பிரியாணி வாசம் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. அரிவாள் வந்து வாழைமரத்தை வெட்டுகிற வரைக்கும் நாங்களெல்லாம் வெளியேதான் நின்றோம்.