காலிலிருந்து தலைவரை

நேற்று மகள் குளியலறைக் கதவைத் திறந்துவைத்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு என் அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி. சிவப்பு நகத்தோடு நிற்கக்கூடாது என்று அவளே யோசித்திருக்கிறாள். "அப்பா, மணக்குதே? ஜன்னல் திறக்கவா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு அது நகப்பூச்சு மணம். எனக்கு எலும்பு ஒட்டுகிற மணம்.

சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டாயிரங்களின் நடுவில், மொன்றியலில் ஒரு பல்கலைக்கழக நிலவறையில் எலும்பு அளப்பதுதான் என் உத்தியோகம். அவார் என்று, குதிரையேறித் திரிந்த ஒரு கூட்டம். ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஹங்கேரிப் பக்கம் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய இடுகாடொன்றைத் தோண்டி எடுத்த எலும்புகள் அட்டைப்பெட்டிகளில் இரவலாக வந்திருந்தன. உடைந்ததை, நகப்பூச்சு அழிக்கிற அதே அசற்றோனில் கரைத்த பசையால் ஒட்டி, மேசையில் தலையிலிருந்து கால்வரை அடுக்கி, ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நோய்வருத்தம் என்று எழுதவேண்டும். நாங்கள் இருந்த செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் தமிழ்ச் சனம் வேலை என்னவென்று கேட்டால் "கொம்பியூட்டர்" என்று சொல்லிவிடுவேன். செத்தவர்களின் எலும்பைத் தொட்டுவிட்டு வருகிறவனுக்கு யார் தேத்தண்ணி தருவார்கள்?

வீட்டில் மட்டும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகள். அப்பா ஒவ்வொரு படிக்கும் நிற்பார். முழங்கால் 'டொக்' என்னும். "என்ர காலையும் ஒருக்கா அளந்து பார் தம்பி" என்பார். "நீங்கள் இன்னும் அவ்வளவு பழசாகேல்லை அப்பா" என்பேன். ஒவ்வொரு முறையும் இதே பகிடி. ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

ஒரு மாசி மாதம் அவர் போய்விட்டார். தகனசாலையில் பிரெஞ்சில் நாலு பக்கப் படிவம் நீட்டினார்கள். படித்த மனிதன் அல்லவா, வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் காடாத்து. எரிந்து மிஞ்சிய எலும்புகளைக் காலிலிருந்து தலைவரை பொறுக்கி முட்டி என்கிற சிறு மண்பானையில் எடுப்பது மூத்த மகனின் கடமை. அம்மா மண்முட்டியைத் தந்து, "நீ எலும்பு படிச்சனீதானே. அப்பான்ர ஒண்டும் விடுபடாமல் பாத்து எடு தம்பி" என்றார்.

அங்கே ஒருவர் 'போன்ஜூர்' சொல்லி ஒரு பெட்டியைத் தந்தார். உள்ளே பிளாஸ்டிக் பையில் சாம்பல்நிற மணல். எலும்பு எங்கே என்று கேட்டேன். அரைத்துத்தான் கொடுப்பது, வேண்டாமென்றால் படிவத்தில் குறித்திருக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார். ஒற்றைப் பல்லைக் கண்டால் மேலா கீழா, இடமா வலமா என்று சொல்லக்கூடியவன் நான். அந்தப் பைக்குள் அப்பாவின் ஒரு துண்டைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மணலை முட்டிக்குள் கொட்டி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினேன்.

"எடுத்தனியே?" என்று வாசலிலேயே கேட்டார் அம்மா.

"ஓம் அம்மா, எடுத்தனான்."

"முழங்கால்?"

"அதுவும்."

அம்மா முட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாம்பல் கரைக்கவேண்டிய ஆறு உறைந்திருந்ததால் பனி கரையும்வரை அது அலுமாரியில் இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அடுத்த பெட்டியில் ஒரு கிழவர். முழங்காலில் சவ்வு தேய்ந்து, எலும்போடு எலும்பு உராய்ந்து, கண்ணாடிபோல் மினுங்கியது. இவருக்கும் 'டொக்' கேட்டிருக்கும் என்று நினைத்தேன். என் கை கால்விரலில் தொடங்கி மேல்நோக்கி அடுக்கியிருக்கிறது. மேற்பார்வை செய்யும் அம்மையார் வந்து, தலையிலிருந்தல்லவா தொடங்குவோம் என்றார். மன்னிப்புக் கேட்டேன். அளவுகளை எழுதினேன். மத்தியானம் கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

பிறகு பெட்டிகள் ஹங்கேரிக்குத் திரும்பிப் போயின. அந்த நிலவறையில் இப்போது பழைய மேசை கதிரைகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். இரும்புப் படி வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

போன மாதம் அம்மா போனார். படிவத்தை இரண்டு தரம் வாசித்தேன். அரைக்கவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மறுநாள் தட்டில் தந்ததைக் காலிலிருந்து தொடங்கிப் பொறுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்திருந்தது. முழங்கால் சில்லில் பாதி கிடைத்தது, எடுத்தேன். முட்டியை அணைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து, அப்பாவைக் கொண்டுவந்த அன்றுபோலக் கொஞ்ச நேரம் நின்றேன். எடுத்தனியே என்று கேட்கிற ஆள் முட்டிக்குள் இருந்தார்.